பஞ்சு மாதிரிதான் தெரிந்தது

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். பத்தொன்பது வருஷமாக ஐஸ் பார் எண்ணுவதுதான் பிழைப்பு. அதனால் மணாலிக்குப் பனி பார்க்கப் போகிறேன் என்று லீவு கேட்டபோது லோடு ஏற்றுகிற பையன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இங்க இல்லாத ஐஸாண்ணே, அதுக்கு ஏன் டில்லி தாண்டிப் போறீங்க, ரூமுக்குள்ள போய் உக்காருங்க, ரெண்டு நாள் நாங்க கதவ சாத்திக்கிறோம்" என்றான் ஒருவன். திரும்பி வந்த பிறகு அவனிடம் முழுக் கதையையும் சொல்லவில்லை, சொன்னால் என்னைத்தான் திட்டுவான். இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்து ஜனங்கள் இப்போது கூட்டம் கூட்டமாகப் பனி பார்க்கப் போகிறார்கள். ஜெர்கின் எடுத்துக்கோ, மங்கி குல்லா எடுத்துக்கோ, மாத்திரை எடுத்துக்கோ என்று எல்லாம் சொல்கிற ஏஜென்ட்டுகள் பனிச்சரிவு என்ற வார்த்தையை மட்டும் வாயால் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

போனது 2025 பிப்ரவரி கடைசி வாரம். நான், மனைவி, மச்சான், அவன் மனைவி, நாலு பேர். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, புதுச்சேரி லாஸ்பேட்டையில் மருந்து மொத்த வியாபாரம், காசு கொடுத்துவிட்டால் அந்தப் பொருள் கைக்கு வந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆள். இது முக்கியம், பின்னால் வரும்.

25ஆம் தேதி காலை மணாலி போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் தங்கினால் பனி கிடைக்காது என்று சோலாங் பக்கம் ஒரு வீட்டில் ரூம் போட்டிருந்தார்கள். கல்லும் மரமும் அடுக்கிக் கட்டிய மாடி வீடு. கீழே கூடத்தின் நடுவில் விறகு போடுகிற தகர அடுப்பு ஒன்று, அதைத் தந்தூர் என்று சொல்கிறார்கள், மச்சான் அதில் ரொட்டி சுடச்சொல்லி முதல் நாளே அவமானப்பட்டான். வீட்டுப் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவராம், புதைந்தவர்களைத் தோண்டி எடுக்கவும் போயிருக்கிறாராம். அவருக்கு இந்தி, எங்களுக்குத் தமிழ். நடுவில் இந்தி பிரசார சபாவில் மத்யமா வரை பாஸ் பண்ணிய என் மனைவி. அந்த சர்டிபிகேட் இருபது வருஷம் பீரோவில் தூங்கியது, இந்த ஒரு வாரத்தில் அதற்கு வட்டியோடு வேலை வந்தது.

26ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தூறல் மாதிரி ஆரம்பித்தது. நம் ஊரில் மழை வந்தால் ஓட்டிலும் தகரத்திலும் தென்னை மட்டையிலும் சத்தம் போட்டுக்கொண்டு வரும், தூக்கத்தில்கூட எவ்வளவு பெய்கிறது என்று தெரியும். பனிக்குச் சத்தமே கிடையாது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் இருந்த நாலு படியைக் காணோம். பக்கத்து வீட்டில் நிறுத்தியிருந்த காரில் கண்ணாடி மட்டும் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் அரை மணி நேரம் நாங்கள் பண்ணாத கூத்தில்லை. மச்சான் மனைவி பனியை அள்ளி டம்ளரில் போட்டு ரோஸ்மில்க் எசன்ஸ் ஊற்றிக் குடித்தாள், எசன்ஸ் புதுச்சேரியிலிருந்து கொண்டுபோனது, இதற்காகவே.

27 முழுக்கக் கொட்டியது. கரண்ட் போய்விட்டது. அன்றைக்குத்தான் அடல் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் லாஹௌல் போய்வர வண்டி சொல்லியிருந்தோம். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம், 2020இல் திறந்தார்கள், அதற்கு முன்னால் ரோஹ்தாங் கணவாய் ஏறித்தான் அந்தப் பக்கம் போக முடியும், அதுவும் குளிர்காலத்தில் முடியாது. டிரைவர் மணாலியிலிருந்து போன் பண்ணி, போலீஸ் தடுப்பு வைத்துவிட்டது, நான் வரவில்லை என்றார். மச்சான் அவரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டான். அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோமே, போலீசிடம் பேசிப் பார்க்கலாமே, மெதுவாகப் போகலாமே. டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸர் ஜி, வண்டி என்னுது, உசுரும் என்னுது" என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பெரியவர் மட்டும் மணிக்கொரு தரம் வெளியே போய் ஒரு குச்சியைப் பனிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வருவார். சாயங்காலம் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, ஒரு நாளில் ஒரு அடிக்கு மேல் புதுப்பனி விழுந்தால் சரிவுகளை நம்பக்கூடாது, இப்போது அதைத் தாண்டிவிட்டது, "கிளேஷியர் ஆயேகா" என்றார். மனைவி அப்படியே மொழிபெயர்த்தாள், கிளேசியர் வருமாம் என்று. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கிளேசியர் பனியாறு, ஒரு நாளைக்கு ஏதோ சில அங்குலம் நகர்கிற சமாச்சாரம். "கிளேசியர் வந்து சேர்றதுக்குள்ள நம்ம பேரப்புள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆயிடும் மாமா" என்றான் மச்சான். சிரித்தோம். பெரியவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அந்த மலைக்காரர்கள் பனிச்சரிவைத்தான் கிளேஷியர் என்று சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஹிமாச்சல், உத்தராகண்ட் பக்கம் போகிறவர்கள் வேறு எது மறந்தாலும் இந்த ஒரு சொல்லை மறக்க வேண்டாம். யாராவது கிளேஷியர் வரும் என்றால் ஓடுகிற வேகத்தில் வரும் என்று அர்த்தம், உங்கள் வேகத்தைவிட ரொம்ப அதிகமான வேகத்தில்.

28ஆம் தேதி சாயங்காலம் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தது, கிடைத்ததும் மாமியார் போன். டிவியில் பத்ரிநாத்தில் பனி சரிந்து ஆட்கள் புதைந்துவிட்டார்களாம், நீங்க எங்க இருக்கீங்க என்று அழுகை. அம்மா, பத்ரிநாத் எங்க, மணாலி எங்க என்று மச்சான் அதட்டி வைத்தான். பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மாணா கிராமத்துக்கிட்டே எல்லைச் சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த முகாம் மேல் அன்று காலை சரிந்தது அது. 54 பேர் சிக்கி, 46 பேரை உயிரோடு எடுத்தார்கள், 8 பேர் போய்விட்டார்கள். இரும்பு கன்டெய்னருக்குள் தங்கியிருந்ததால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். மாமியாருக்கு பூகோளம் தெரியாது என்று சிரித்தோமே, உண்மையில் எங்கள் தலைக்கு மேல் கொட்டிய அதே மேகக்கூட்டம்தான் அங்கேயும் கொட்டியிருந்தது.

மார்ச் 1 காலை வானம் துடைத்துவிட்டது போல. கண் கூசுகிற வெயில். இப்படி ஒரு நீலத்தை நான் தேவனாம்பட்டினம் கடற்கரையில்கூடப் பார்த்ததில்லை.

பழியை மச்சான் மேல் போட்டால் சுலபமாக இருக்கும், ஆனால் கிளம்பலாம் என்று சொன்னது நான்தான். மூன்று நாள் அடைந்து கிடந்தாயிற்று, வெயில் அடிக்கிறது, ஆபத்தெல்லாம் நேற்றோடு முடிந்தது, போய் ஒரு போட்டோவாவது எடுக்கலாம். பெண்கள் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், சொல்லிக்கொள்ளாமல் பின்பக்கமாகப் போனோம். வீட்டுக்குப் பின்னால் லேசாக ஏறுகிற ஆப்பிள் தோட்டம், அதைத் தாண்டி ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் தேவதாரு காடு. காட்டுக்கு நடுவில் மேலிருந்து கீழே வரை ஒரு பட்டை மட்டும் மரமே இல்லாமல் வெள்ளையாக, யாரோ ரோடு போட வெட்டி வைத்த மாதிரி நேராக இறங்கியது. அதன் அடியில் நின்று எடுத்தால் படம் பிரமாதமாக வரும் என்று எங்கள் எண்ணம். அந்தப் பட்டையில் மட்டும் ஏன் மரம் இல்லை என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியிருக்கலாம்.

தொடை வரை புதைந்து புதைந்து நடந்தோம். தோட்டம் முடிகிற இடம் வந்தபோது காலுக்கடியில் ஒரு சத்தம். பக்கத்து அறையில் அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டால் எப்படி இருக்கும், அப்படி, 'வும்ப்' என்று. காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் தெரிந்தது. நின்ற பனி மொத்தமும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது. மச்சானின் பூட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு, கண்ணாடி விரிசல் விடுமே, அது மாதிரி சரசரவென்று இடது பக்கம் ஓடி மறைந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். சொன்னால் வெட்கம், சிரித்தோம்.

அப்போது பின்னால் பெரியவரின் குரல். ஒரு கையில் மண்வாரியோடு கத்திக்கொண்டு வருகிறார், என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, கை ஜாடை புரிந்தது. ஒவ்வொருவராக வா, இடைவெளி விட்டு வா, வந்த காலடியிலேயே கால் வைத்து வா. வந்தோம். இவர் போட்ட சத்தத்துக்கே மலை இறங்கியிருக்குமே என்று மச்சான் பிறகு கேட்டதற்கு அவர், கத்தினால் பனி சரியும் என்பது சினிமாவில் மட்டும்தான், சரிய வைப்பது ஆளின் எடை, நீங்கள் இரண்டு பேரும் அதைத்தான் கொண்டுபோனீர்கள் என்றார். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சரிவைத் தாங்களே, அல்லது கூட வந்தவர்களே, மிதித்துக் கிளப்பியவர்கள்தான் என்று பிறகு படித்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

திட்டி முடித்துவிட்டு, வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மேட்டில் மண்வாரியால் தோண்டிக் காட்டினார். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சுவர் மாதிரி நறுக்கென்று வெட்டிய பனியில் அடுக்குகள் தெரிந்தன. மேலே மெத்து மெத்தென்று புதுசு. அதற்குக் கீழே கொஞ்சம் இறுகியது. அடியில் தரையை ஒட்டி ஒரு ஜாண் அளவுக்கு வேறு மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். ரேஷன் கடைச் சர்க்கரை. அதே மாதிரி மணி மணியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே போனது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுகிற கொஞ்சம் பனிக்குக் கீழே தரை வெதுவெதுப்பாக இருக்கும், மேலே காற்று கடுங்குளிர், இரண்டுக்கும் நடுவில் ஆவி ஏறி ஏறிப் பனித்தூள் இப்படி மணியாக மாறிவிடுமாம். டிசம்பரில் உருவாகி, பிப்ரவரி வரை மேலே விழுந்த எல்லாவற்றையும் அதுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அவர் ஒரு தூண் மாதிரி நாலு பக்கமும் வெட்டித் தனியாக்கி, மண்வாரியை அதன் தலையில் படுக்கவைத்து, கையால் தட்டினார். முதலில் விரலால், அப்புறம் முழங்கையிலிருந்து. மூன்றாவது தட்டுக்கு மேல் இரண்டடிப் பனி ஒரே துண்டாக, நன்றாக எண்ணெய் விட்ட கல்லிலிருந்து தோசை நழுவுகிற மாதிரி, வழுக்கி அவர் மடியில் வந்து விழுந்தது.

சறுக்குக் குச்சிகள் இரண்டை வைத்துச் சரிவின் கோணமும் காட்டினார். ஒன்றைச் செங்குத்தாக, ஒன்றைப் படுக்கையாக, இரண்டும் ஒரே நீளம் இருந்தால் முனைகளைச் சேர்க்கும் கோடு 45 டிகிரி. பனிப்பாளம் அதிகமாகப் பிய்த்துக்கொண்டு வருவது 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில். அதைவிடச் சாய்வு குறைந்தால் அனேகமாக வழுக்காது, ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். நாங்கள் நின்றது கிட்டத்தட்ட சமதரைதானே என்றேன். கையை மேலே தூக்கிக் காட்டினார். நிற்கிற இடம் சமமாக இருந்து என்ன, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அடியில் நீங்கள் மிதித்தால் மேலே அறுந்துகொள்ளக்கூடும்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும், வராந்தாவில் ராஜ்மா சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கெடிலம் பாலத்தில் கூட்ஸ் ரயில் ஏறினால் தூரத்தில் ஒரு உறுமல் கேட்குமே, அந்தச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அந்த வெள்ளைப் பட்டையின் உச்சியில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருந்த மொத்தமும் பாளம் பாளமாக உடைந்து, அடுத்த கணம் பாளமும் இல்லை, புகைதான், மரங்களைவிட உயரமாக உருண்டு வருகிற வெள்ளைப் புகை. பத்து வினாடிகூட இருக்காது. ஓடை நிரம்பிவிட்டது. பிறகு ஒரு காற்று வந்து முகத்தில் அறைந்தது, தட்டில் இருந்த ராஜ்மா மேலெல்லாம் உப்புத் தூவிய மாதிரி பனித்தூள். அப்புறம் முழு அமைதி. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

தூள் அடங்கிய பிறகு தோட்டத்தைப் பார்த்தேன். காலையில் நாங்கள் இரண்டு பேரும் நடந்த தடம் வீட்டிலிருந்து நேராகப் போய், கடைசி இருபது முப்பது அடித் தடத்தைக் காணோம். போட்டோ எடுக்க நினைத்த இடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரி வரை என்னோடு பேசவில்லை.

2011 டிசம்பர் 30, தானே புயல் எங்கள் கரையைக் கடந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேய்க்காற்று அடித்து ஓட்டைப் பிரித்துப்போட்டது, நடுவில் ஒரு கட்டத்தில் சட்டென்று ஓய்ந்தது. நான் வெளியே போய்த் தென்னை விழுந்ததா என்று பார்க்கக் கிளம்பினேன். கட்டுமரம் போன எங்கப்பா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார், "காத்து நிக்கல, திரும்புது" என்று. திரும்பியது. கடல் விஷயத்தில் அந்த அறிவு எனக்கு ரத்தத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்காமல் எங்கள் தெருவில் ஒருத்தன் படகு எடுக்கமாட்டான். மலைக்குப் போனதும் அத்தனையும் அழிந்துபோய், வெயில் வந்தால் ஆபத்து முடிந்தது என்று ஒரு முடிவு. பெரும்பனி விழுகிறபோதும், விழுந்து ஓய்ந்த அடுத்த ஒன்றிரண்டு நாளிலும்தான் சரிவுகள் அதிகம். புதுச்சுமை இன்னும் உட்காரவில்லை, அதன் மேல் வெயில் படுகிறது, மூன்று நாள் அடைந்து கிடந்த என்னைப் போன்ற ஆட்களும் அன்றைக்குத்தான் வெளியே வருகிறார்கள்.

அங்கேயும் கூண்டு மாதிரி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. டி.ஆர்.டி.ஓ. என்கிற ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் கீழ் சண்டிகரில் டி.ஜி.ஆர்.இ. என்று ஒரு நிறுவனம், முன்பு சாசே என்ற பெயரில் இருந்தது, பனிக்காலத்தில் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்து. உள்ளூர்ச் செய்தியிலும் வந்துவிடும். நாங்கள் பார்த்தது வானிலை ஆப்பில் மேகப் படம், அவ்வளவுதான். மேகப் படம் சரிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆரஞ்சு என்றால் சிவப்பு இல்லையே என்று நினைக்கவும் கூடாது. வெளிநாடுகளில் ஐந்து படி அளவு வைத்திருக்கிறார்கள், அதில் நடுவில் இருக்கிற மூன்றாம் படி நாட்களில்தான் நிறையப் பேர் சாகிறார்கள், நான்கு ஐந்தில் பயந்து யாரும் போவதில்லை, மூன்றில் துணிந்து போகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து புல்டோசர் வழி வெட்டியதும் கிளம்பினோம். அந்த ஓடைப் பனி கீழே ரோட்டையும் மூடியிருந்தது, இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவராக வெட்டி நடுவில் வண்டி போக இடம் விட்டிருந்தார்கள். முறிந்த தேவதாருக் கிளைகள் சுவரில் செருகினாற்போல நீட்டிக்கொண்டிருந்தன, கார் முழுக்கப் பச்சை மர வாசனை. ரோடு வழுக்கியதால் டிரைவர் டயருக்குச் சங்கிலி மாட்ட நிறுத்தினார், நான் இறங்கிச் சுவரை ஒரு உதை விட்டேன். கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம். நாலு நாளைக்கு முன்னால் ரோஸ்மில்க் ஊற்றிக் குடித்த அதே பொருள்.

எனக்கு மட்டும் அது ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. கம்பெனியில் ஐஸை மிஷினில் உடைத்துப் பெட்டியில் கொட்டி ஒரு மணி நேரம் விட்டால் துண்டெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பாறையாகிவிடும், கடப்பாரை போட்டுத்தான் மீனை எடுக்க வேண்டும். பனிச்சரிவில் அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. உருண்டு வரும்போது தண்ணீர் மாதிரி ஓடுகிறது, நின்ற நொடியில் இறுகிவிடுகிறது. புதைந்தவன் விரலைக்கூட அசைக்க முடியாது என்று பெரியவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த உதையில்தான் புரிந்தது. ஊருக்குத் திரும்புகிற ரயிலில் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. புதுப்பனி ஒரு கன மீட்டர் சுமார் நூறு கிலோ, எங்கள் கணக்கில் இரண்டு பார். ஐம்பது மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், இரண்டடிக் கனம் என்று சின்னதாக ஒரு பாளம் எடுத்துக்கொண்டால் 1,500 கன மீட்டர். மூவாயிரம் பார். பத்து டன் லாரியில் பதினைந்து லோடு, ஒரே வினாடியில் அவிழ்த்துவிட்டால் எப்படி. சரிந்து நின்ற பிறகு அதே ஒரு கன மீட்டர் முந்நூறு, நானூறு கிலோ ஆகிவிடும்.

அதனால்தான் நேரக் கணக்கு அவ்வளவு கொடூரமாக இருக்கிறது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது, பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாவு. போலீஸோ ராணுவமோ கால் மணியில் வர முடியாது. பக்கத்தில் நிற்கிறவன்தான் எடுக்க வேண்டும். மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு சிக்னல் கருவி, நீளக் குச்சி, மண்வாரி என்று மூன்றையும் வைத்திருப்பார்கள், கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும், யாருடைய கருவியையும் யாருடையதும் கண்டுபிடிக்கும். நம்மைப் போல வாடகை கோட்டும் கம்பூட்ஸும் போட்டுப் போகிறவனிடம் எதுவும் இருக்காது. ஆகவே நமக்கு இருக்கிற ஒரே வழி அந்த இடத்தில் நிற்காமல் இருப்பது.

டூர் போகிறவனுக்கு என்ன வரப்போகிறது, இதெல்லாம் மலையேறுகிறவன் கவலை என்று நினைப்பவர்களுக்காக: 2023 ஏப்ரல் 4, சிக்கிமில் நாதுலா போகிற ஜவாஹர்லால் நேரு சாலையில் சரிவு வந்து சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். ஏப்ரல் மாதம், கேங்டாக்கிலிருந்து டாக்ஸியில் போகிற இடம். பதின்மூன்றாவது மைல் வரைதான் அனுமதி கொடுத்திருந்தோம், பதினைந்தாவது மைலுக்குப் போய்விட்டார்கள் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தபோது டிரைவரோடு மச்சான் போட்ட சண்டை காதில் கேட்டது. பழகினவர்களையும் அது விடுவதில்லை. 2016இல் சியாச்சினில் புதைந்த பத்து வீரர்களில் பெரும்பாலானோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள், அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கல்லைத் துளைக்கிற கருவியும் மின்ரம்பமும் வைத்து அந்தப் பனியை அறுத்தார்கள்.

போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான், வரிசையாக இல்லை, நினைவுக்கு வருகிறபடி. காட்டுக்கு நடுவில் மரமில்லாத பட்டை தெரிந்தால், அல்லது மரங்களில் மலை உச்சியைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தால், அது பனி வழக்கமாக இறங்குகிற பாதை, அங்கே நிற்கவோ வண்டியை நிறுத்தவோ வேண்டாம், டீக்கடை இருந்தாலும் வேண்டாம். பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம் கண்ணில் பட்டால் உங்கள் பக்க மலைக்கும் அதே கதி வரலாம். மலை முகட்டில் காற்று பனியைப் புகையாகப் பறக்கவிட்டால், அந்தப் பனி மறுபக்கச் சரிவில் மலைபோலக் குவிந்துகொண்டிருக்கிறது, வானத்திலிருந்து விழுவதைவிட வேகமாக. காலுக்கடியில் வும்ப் கேட்டால் சிரிக்காமல் வந்த வழியே திரும்புங்கள். பனியில் வண்டி மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் சைலன்சர் வாயைப் பனி அடைத்துக்கொள்ளும், புகை உள்ளே வந்து தூக்கத்திலேயே ஆள் போய்விடுவான், அடிக்கடி இறங்கித் தள்ளிவிட வேண்டும். இது எங்கள் டிரைவர் சொன்னது, அவர் ஒரு முறை ராத்திரி முழுக்க அப்படி மாட்டியவர்.

சரிவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் பெரியவரிடம் கேட்டோம். கத்து, பக்கவாட்டில் ஓடு, கிடைத்த மரத்தைப் பிடி, உருட்டிக்கொண்டு போனால் மேலே வர முட்டிமோது, வேகம் குறைகிற மாதிரி தெரிந்தால் முகத்துக்கு முன்னால் கையை வைத்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் பண்ணிக்கொள். வெளியே நிற்கிறவன் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், ஆள் கடைசியாகத் தெரிந்த இடம் எது என்று, அதற்குக் கீழேதான் தேட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டே, எடுத்ததில் எத்தனை பேர் உயிரோடு என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மணாலியில் வாடகைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் கூடுதலாக மூன்று நாள் வாடகை கேட்டார், நாலு கோட்டுக்கும், நாலு ஜோடி பூட்ஸுக்கும். ரோடு மூடிக்கிடந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் மச்சான் பர்ஸை எடுத்துவிட்டான். எண்ணிக் கொடுத்தான். பேரம் பேசவில்லை. அவன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் கறுத்த கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.